மூன்றாவது குண்டு வரவில்லை

ஹார்லன் ஸ்ட்ரவுட் தன் தீவனக் கடைக்குள் நின்று, மூடிய கதவைப் பார்த்து இரண்டு முறை சுட்டான். மூன்றாவது முறை விசையை இழுத்தபோது துப்பாக்கி கல்லாகிப் போயிருந்தது. வெளியே நின்றவன் கதவை உதைத்துத் திறந்துகொண்டு சாவகாசமாக நடந்து வந்தான். நெஞ்சில் இரண்டு, முகத்தில் ஒன்று. மூட்டை கிழிந்து, சோளம் கொட்டி, அது ஹார்லனின் ரத்தத்தில் ஊறிக் கிடந்தது. காலையில் அவனைத் தூக்க வந்தவர்கள் சோளத்தையும் சேர்த்தே வாரிப் போட வேண்டியிருந்தது.

"இனிமே சோள ரொட்டி பக்கமே போக மாட்டேன்," என்றான் டூலி.

"காலையில மூணு தின்னே," என்றாள் அவனுடைய முதலாளி, துப்பறியும் ஐவா டெண்டன்.

"அது இதைக் கேக்கறதுக்கு முன்னாடி, பாஸ்."

டிரை ஃபோர்க் ஷெரிஃப் அலுவலகம் ஒரே அறைதான். முன்பாதியில் மேசை, காபிப் பானை, அடுப்பு. பின்பாதியில் கம்பி போட்ட லாக்கப். வெளியே வயோமிங் காற்று ஜன்னல் கண்ணாடியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கம்பிக்குப் பின்னால் லொரெட்டா வீச் உட்கார்ந்திருந்தாள். ஊரில் பாதிப் பேருக்குக் கைத்துப்பாக்கித் தோட்டா செய்து கொடுப்பவள் அவள். சுட்டு முடித்த பித்தளைக் குப்பியில் புது மருந்தும் புது ஈயமும் வைத்து அழுத்தித் தருவாள். ஹார்லனின் துப்பாக்கியில் இருந்ததும் அவள் தோட்டாக்கள்தான் என்று ஷெரிஃப் ட்ரிம்பிள் அடித்துச் சொன்னார்.

"வேணும்னே கெட்ட தோட்டா கொடுத்திருக்கா, ஐவா. போன மாசம் கடை வாசல்ல ஹார்லனோட சண்டை. ஊரே பாத்துது."

"அவ சுட்டாளா?"

"சுட்டவன் அவளோட கூட்டாளி. அவன் பேரை மாநில போலீஸ் அவ வாயிலேர்ந்து பிடுங்கிக்குவாங்க. நாலு மணிக்கு அனுப்பறேன்."

டூலி ஜன்னல் பக்கம் பார்த்தான். வரும் வழியில் ஆற்றுப் பாலத்தின் மேல் ஹார்லனின் தம்பிகள் இரண்டு பேரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். வண்டிக் கூரையில் ரைஃபிளைச் சாத்தி வைத்துவிட்டு, கொட்டும் குளிரில் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாநில போலீஸுக்கு அந்தப் பாலத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

"பாலத்துல நிக்கறவங்க மீன் பிடிக்க வந்தவங்க மாதிரி தெரியலயே, ஷெரிஃப்," என்றான்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் என் எல்லை இல்ல."

"குண்டு எல்லை பாத்துட்டா பறக்கும்?"

ட்ரிம்பிள் டூலியை முறைத்தார். அவர் இடுப்பில் ஆட்டோமேட்டிக் துப்பாக்கி கருப்பாக மின்னியது. அவருடைய உதவியாளன் லைல் ஓவர்பி பானையிலிருந்து காபி ஊற்றி, முதல் கோப்பையைக் கம்பி வழியாக லொரெட்டாவுக்குத்தான் நீட்டினான். அவள் வாங்கவில்லை. அதையே ஐவாவிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

"நான்தான் ஓட்டிக்கிட்டுப் போறேன், மேடம். கவலைப்படாதீங்க. பாலத்துல நிறுத்தவே மாட்டேன்."

நல்ல பையன் என்று தோன்றியது டூலிக்கு. அந்த அறையில் மனிதனாகத் தெரிந்தது அவன் ஒருவன்தான்.

மேசைமேல் பிளாஸ்டிக் பையில் ஹார்லனின் துப்பாக்கி கிடந்தது. குட்டை மூக்கு ரிவால்வர். உள்ளங்கையில் அடங்கிவிடும், எடையே இல்லை. ஐவா அதன் உருளையைப் பையோடு சேர்த்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உருளையின் முன்பக்கம் ஒரு தோட்டாவின் ஈயம், ஜன்னலில் எட்டிப் பார்க்கும் குழந்தை மாதிரி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தலை சட்டத்தில் முட்டி, உருளை சுழல முடியாமல் நின்றுவிட்டிருந்தது.

ஐவாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மாட்டுத் தொடையில் சூட்டுக்குறி படித்து, எது யார் மாடு என்று சொல்லும் அரசாங்க வேலையைப் பல வருஷம் பார்த்தவள். பழைய குறியின்மேல் புதுக் குறி போட்டு மாடு திருடுகிறவர்களை மயிர் முளைத்த பிறகும் கண்டுபிடிப்பாள். இப்போது மாட்டை விட்டுவிட்டு மனிதர்களைத் துப்பறிகிறாள். ஹார்லன் சாவதற்கு முந்தின வாரம் அவளுக்குப் போன் செய்திருந்தான். 'மாடு காணாமப் போற அன்னிக்கெல்லாம் ஒரே வண்டியைப் பாக்கறேன் ஐவா. யார் வண்டின்னு சொன்னா நீ நம்ப மாட்டே. நேர்ல வா, சொல்றேன்' என்றான். நேரில் வருவதற்குள் சோளத்தில் கிடந்தான்.

"ஒரு சந்தேகம், ட்ரிம்பிள்," என்றாள். "ஒருத்தன் கதவு வழியா ரெண்டு குண்டு விட்டா, வெளியில நிக்கறவன் என்ன பண்ணுவான்?"

"ஓடுவான்."

"இல்ல, பதுங்குவான். துப்பாக்கியில அஞ்சு இருக்கு. இன்னும் மூணு பாக்கி. இவன் ரெண்டை எண்ணிக்கிட்டு, மூணாவதுக்குக் காத்திருக்காம நேரா உள்ள நடந்து வந்திருக்கான். மூணாவது வராதுன்னு அவனுக்குத் தெரியும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். அவ சொல்லிக் கொடுத்திருக்கா."

"இல்லேன்னா அவனே செஞ்சிருக்கான். இந்த அறையில தோட்டா அழுத்தத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

"நான் கடையில வாங்கறவன்," என்றார் ட்ரிம்பிள்.

லைல் சிரித்தான். "எனக்குத் திருகாணியைத் திருப்பினாலே தலைவலி வந்துடும், மேடம். அரசாங்கம் கொடுக்கற தோட்டாவைச் சுட்டுட்டு, சம்பளத்தை வாங்கிக்கிட்டுப் போறேன்."

ஹார்லனின் மேசை இழுப்பறையில் கிடந்த மிச்சத் தோட்டாக்களில் ஒன்றை வாங்கிக்கொண்டு ஐவா கம்பியோரம் போனாள். லொரெட்டா எழுந்து வந்தாள். ஒல்லியான பெண். ஆனால் வலது கை மட்டும் வேறு யாருடைய கையோ மாதிரி முறுக்கேறித் திரண்டிருந்தது. வருஷக்கணக்காகத் தோட்டா அழுத்தும் பிரஸ்ஸின் நெம்புகோலை இழுத்த கை.

தோட்டா விரலில் பட்டதுமே நகத்தால் குப்பியின் வாயைத் தடவினாள். அவள் முகம் கறுத்தது.

"மடிப்பே இல்ல. இது என் வேலை இல்ல, ஐவா."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு. டூலிக்குப் புரியற மாதிரி சொன்னா இன்னும் நல்லது."

"ஒவ்வொரு தடவை சுடும்போதும் துப்பாக்கி பின்னால உதைக்கும் இல்ல? அப்ப உள்ள காத்துக்கிட்டிருக்கற மத்த தோட்டாவோட ஈயம் முன்னால நழுவப் பாக்கும். துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு நழுவும். அதனால குப்பியோட வாயை உள்பக்கமா மடிச்சு, ஈயத்துல இருக்கற பள்ளத்துல கடிக்க விடணும். ஒரே அச்சுதான் ரெண்டு வேலையும் பண்ணும். அச்சை இறக்கினா வாய் மடியும். நடுவுல இருக்கற தண்டை இறக்கினா ஈயம் உள்ள போகும். மாமியார் மருமக மாதிரி, ஒண்ணை அசைச்சா இன்னொண்ணு கோணிக்கும். அதைச் சரியா வெச்சுட்டு நான் பூட்டு வளையத்தை இறுக்கினா, அப்புறம் சாமியே வந்தாலும் தொட விட மாட்டேன்."

"அச்சைத் தூக்கி வெச்சுட்டு, தண்டை மட்டும் இறக்கினா?"

"ஈயம் உள்ள போகும். மடிப்பு விழாது. பாத்தா நல்ல தோட்டா. சுட்டா…" லொரெட்டா மேசைமேல் இருந்த பையைப் பார்த்தாள். "ஹார்லன்."

"இப்ப தலையைப் பாரு."

லொரெட்டா ஈயத்தின் தட்டை நுனியை வெளிச்சத்துக்குக் காட்டினாள். காபிக் கோப்பை மேசையில் விடும் கறை மாதிரி மெல்லிய ஒரு வளையம் அதில் பதிந்திருந்தது. அவள் கண்கள் அகன்றன.

"இது குழித் தண்டு! உருண்டைத் தலை ஈயத்துக்குப் போடறது. தட்டைத் தலை மேல அதை வெச்சு அழுத்தினா இப்படித்தான் வளையம் விழும். என் தண்டு தட்டை. என்கிட்ட இருந்த குழித் தண்டை, பழைய அச்சோட சேர்த்து பாய்ட் லக்கெட்டுக்கு வித்துட்டேன்."

"ஈயத்துல ஆயிரம் கீறல் இருக்கும்," என்றார் ட்ரிம்பிள் பின்னாலிருந்து. "நாலு மணி, ஐவா. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

ஐவா கிளம்பும்போது லொரெட்டா கம்பி வழியாக அவள் சட்டைக் கையைப் பிடித்தாள். குரல் இறங்கியிருந்தது. "பாலத்துல அவனுங்க நிக்கறதை எல்லாரும் பாத்தாச்சு இல்ல? நான் அந்தப் பக்கம் போய்ச் சேர மாட்டேன். சும்மா சமாதானம் சொல்லாதீங்க."

"சொல்லலையே," என்றாள் ஐவா.

*

பாய்ட் லக்கெட்டின் கொட்டகைக் கதவை டூலி மரியாதையாகத் தட்டினான். கதவு திறந்தது. ஒரு முஷ்டி வந்தது. டூலி வைக்கோலில் மல்லாந்து கிடந்து, கூரையில் எத்தனை ஓட்டை என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் அச்சைத் தொட்டது நீதானேடா?" என்று கத்தினான் பாய்ட். மாட்டைக் கையாலேயே மடக்கிப் போடுகிற ஆள். இன்னொரு கையில் நீளமான ஸ்பேனர் இருந்தது.

"ஐயா, நான் ஹலோ கூட இன்னும் சொல்லலயே!"

ஸ்பேனர் இறங்கியது. டூலி உருண்டான். தலை இருந்த இடத்தில் பலகை பிளந்தது. பாய்ட்டின் காலைக் கட்டிப் பிடித்தான். பாய்ட் அவனை நாய்க்குட்டியைப் போல உதறிவிட்டு, காலரைப் பிடித்துத் தூக்கி, தூணில் இரண்டு முறை மோதினான். டூலியின் வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. மூன்றாவது மோதலுக்கு முன்னால் கனமான ஒரு வாளி காற்றில் வந்து பாய்ட்டின் காதோரம் மோதியது. வாளி நிறைய இருந்த பித்தளைக் குப்பிகள் சலசலவென்று கொட்டின. அவற்றை மிதித்த பாய்ட் வழுக்கி, பெஞ்சில் தாடையை இடித்துக்கொண்டு, தரை அதிர விழுந்தான். ஐவா அவன் மணிக்கட்டின்மேல் பூட்ஸை வைத்து நின்றாள்.

"இப்ப ஹலோ சொல்லு, டூலி."

"ஹலோ," என்றான் டூலி, ஒரு பல்லை நாக்கால் ஆட்டிப் பார்த்துக்கொண்டே. "இது ஆடுது, பாஸ். இதுக்கும் மடிப்பு போடல போல."

"உன் அச்சை யாரு தொட்டாங்க, பாய்ட்?" என்று கேட்டாள் ஐவா.

"தெரிஞ்சிருந்தா இவனை ஏன் அடிக்கறேன்?" பாய்ட் உதட்டு ரத்தத்தைத் துடைத்தான். "துப்பாக்கி கிளப் ஆளுங்க எல்லாருக்கும் இந்தக் கொட்டகை திறந்துதான் கிடக்கும். யார் வேணும்னாலும் வந்து அழுத்திக்கலாம். ஆனா என் அச்சோட உயரத்தை மாத்தக் கூடாது, அது எல்லாருக்கும் தெரியும். எவனோ தூக்கி வெச்சுட்டுப் போயிட்டான். நான் பாக்காம ஒரு பெட்டி முழுக்க அழுத்தினேன். அத்தனையும் ஈயம் ஆடுது. அன்னிலேர்ந்து யார் வந்தாலும் அடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"பாதிரியார் வந்தா?"

"வந்தாரு. ஓடிட்டாரு."

டூலி எழுந்து பெஞ்சைப் பார்த்தான். பிரஸ்ஸில் மாட்டியிருந்த அச்சை ஐவா கழற்றி, உள்ளே இருந்த தண்டின் நுனியை விரலால் தொட்டாள். குழி. ஹார்லனின் தோட்டாவை அதில் பொருத்தினாள். வளையத்தின்மேல் குழியின் விளிம்பு பிசகாமல் உட்கார்ந்தது.

"முடிஞ்சுது, பாஸ். இவனைக் கட்டவா? கயிறு வண்டியில இருக்கு. ரெண்டு கயிறு வேணும்."

ஐவா தோட்டாவைப் பாய்ட்டிடம் கொடுத்தாள். தரையில் உட்கார்ந்தபடியே அவன் அதை வாங்கினான். நகத்தால் வாயைத் தடவினான். உடனே இரண்டு விரலால் ஈயத்தைப் பிடித்துத் திருகி, வெளியே இழுத்துப் பார்த்தான். முகம் சிவந்தது.

"எந்த எருமை இதை அழுத்தினது? மடிக்கவே இல்ல! ஆளைக் கொன்னுடுமே!"

"கொன்னுடுச்சு," என்றாள் ஐவா.

பாய்ட் அந்தத் தோட்டாவை விரல்களில் திருப்பினான். "ஹார்லனோடதா இது?" கோபம் இறங்கி, அந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது. "இதை அழுத்தினவன் கத்துக்குட்டி இல்ல, ஐவா. பாரு, வாயை மடிக்கல. ஆனா விரிஞ்சிருந்ததை நேரா நிமிர்த்தி விட்டிருக்கான். இது ஆட்டோமேட்டிக்குக்கு அழுத்தறவன் கை. ஆட்டோமேட்டிக்ல தோட்டா குப்பியோட வாய்மேலதான் நிக்கும், அதனால அவங்க மடிக்கவே மாட்டாங்க."

"அப்ப ஈயம் நழுவாதா?"

"அவங்களுக்கு வேற பயம். தோட்டா குழாய்க்குள்ள ஏறும்போது தலை முட்டி ஈயம் உள்ள போயிடுமோன்னு பயம். உள்ள போனா துப்பாக்கியே வெடிச்சுடும். எங்களுக்கு ஈயம் வெளிய வந்துடுமோன்னு பயம். அதனால தோட்டாவைக் கையில கொடுத்தா ரிவால்வர்காரன் இழுத்துப் பாப்பான். ஆட்டோமேட்டிக்காரன் பெஞ்சு விளிம்புல தலையை வெச்சு கட்டைவிரலால தள்ளிப் பாப்பான். தூக்கத்துல கொடுத்தாலும் அப்படித்தான்."

ஐவாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் சட்டைப் பையிலிருந்து ஒரு லவங்கப்பட்டை மிட்டாயை எடுத்துப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். ஏதாவது பிடிபட்டால்தான் அவள் அதைச் செய்வாள். டூலி கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"இந்த ஊர்ல ஆட்டோமேட்டிக் யார் வெச்சிருக்கா, பாய்ட்?"

"நாங்க எல்லாம் கிழட்டு ரிவால்வர் கோஷ்டி. போன வருஷம் ஷெரிஃப் ஆபீஸுக்குத்தான் புதுசா ரெண்டு வந்துது."

கொட்டகைக்குள் காற்று ஊளையிட்டது. இரண்டு. டூலி மனசுக்குள் ட்ரிம்பிளின் கழுத்தில் கயிற்றை மாட்டி, முடிச்சையும் சரிபார்த்துவிட்டான்.

"இன்னொண்ணு," என்றாள் ஐவா. பெஞ்சின்மேல் அச்சுப் பெட்டி திறந்திருந்தது. அதில் ஒரு தோட்டா தனியாகக் கிடந்தது. குப்பியின் வயிற்றில் ஒரு துளை. "இது என்ன?"

"என் டம்மி. மருந்து கிடையாது. எல்லாம் சரியா அமைஞ்சதும் இப்படி ஒண்ணு செஞ்சு பெட்டியில போட்டுடுவோம். அடுத்த தடவை இது மேல அச்சை இறக்கினா போதும், பழைய உயரம் வந்துடும். நிஜத் தோட்டான்னு யாரும் ஏமாந்துடக் கூடாதுன்னு நான் துளை போட்டு வெப்பேன்."

"அவனும் ஒண்ணு செஞ்சிருப்பானா?"

"செய்யாம முடியாது. வேற ஈயம், வேற உயரம். ஆனா அவன் என்ன முட்டாளா, இங்க விட்டுட்டுப் போக? எடுத்துக்கிட்டுப் போய் எங்கயாவது தொலைச்சிருப்பான்."

"எனக்கு நல்ல தோட்டா எட்டு அழுத்திக் கொடு, பாய்ட்," என்றாள் ஐவா. "சீக்கிரம்."

*

அவர்கள் திரும்பியபோது லொரெட்டாவின் கைகளில் விலங்கு மாட்டியாகிவிட்டிருந்தது. வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. லைல் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தான். லாக்கப் கதவு இன்னும் பூட்டியிருந்தது.

"முடிஞ்சுதா சுத்தினது?" என்றார் ட்ரிம்பிள்.

"முடிஞ்சுது. ஒண்ணும் கிடைக்கல. பாய்ட் டூலியை அடிச்சதுதான் மிச்சம்."

"நல்லாவே அடிச்சான்," என்றான் டூலி. "நான் சாட்சி."

"பாலம் வரைக்கும் நானும் பின்னாலயே வர்றேன், ட்ரிம்பிள். ஸ்ட்ரவுட் பசங்க கையில என்ன இருக்குன்னு பாத்தேன். பாய்ட் இதை அழுத்திக் கொடுத்தான்." ஐவா எட்டில் நாலை மட்டும் மேசைமேல் உருட்டிவிட்டாள். "ஆனா அவன் வேலை மேல எனக்கு நம்பிக்கை இல்ல. மூணாவது குண்டுல நான் மாட்டிக்கக் கூடாது பாருங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க ரெண்டு பேரும்."

டூலி ட்ரிம்பிளின் கையையே பார்த்தான். ட்ரிம்பிள் ஒன்றை எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மோந்துகூடப் பார்த்தார்.

"தோட்டா மாதிரிதான் இருக்கு," என்று மேசையில் வைத்துவிட்டார்.

லைல் இடது கையில் காபிக் கோப்பையோடு வந்தான். பேசிக்கொண்டே வலது கையால் ஒன்றை எடுத்தான். "பாய்ட் முரடன்தான், ஆனா வேலை சுத்தம், மேடம்." தோட்டாவின் தலையை மேசை விளிம்பில் வைத்து, பின்னால் கட்டைவிரலைக் கொடுத்து ஒரு அழுத்து அழுத்தினான். "பாருங்க. அசையவே இல்ல. தைரியமா வாங்க."

டூலி மனசுக்குள் ட்ரிம்பிளின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினான்.

ஐவா மெதுவாகக் கேட்டாள். "திருகாணியைத் திருப்பினாலே தலைவலி வர்ற ஆளுக்கு, தள்ளிப் பாக்கறதுக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க, லைல்?"

கோப்பை அவன் உதட்டருகே ஒரு கணம் நின்றது. பிறகு குடித்தான். "கிளப்ல எல்லாரும் பண்றாங்க. பாத்திருக்கேன்."

"கிளப்ல எல்லாரும் ரிவால்வர். அவங்க இழுத்துப் பாப்பாங்க."

"ஐவா," என்றார் ட்ரிம்பிள் எரிச்சலாக, "கட்டைவிரலைக் காட்டி ஒருத்தனைத் தூக்குல போட முடியாது."

"முடியாது. அதனாலதான் இதையும் கொண்டுவந்தேன்." ஐவா கையைப் பையிலிருந்து எடுத்தாள். விரல்கள் இறுக மூடியிருந்தன. "ஹார்லனோட தோட்டாவை அழுத்தினவன் முதல்ல ஒரு டம்மி செஞ்சிருக்கான். பாய்ட் பெஞ்சுக்கு அடியில உருண்டு கிடந்துது. தலையில அதே வளையம். வயித்துல துளை போட்டிருக்கான். துளை போடும்போது எண்ணெய்க் கையால பிடிச்சிருக்கான். ரேகை பளிச்சுனு இருக்கு."

லைல் ஐவாவின் மூடிய கையைப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் ஒரு வெளுப்பு ஓடியது. பிறகு அது மறைந்தது. அவன் சிரித்தான். சீட்டாட்டத்தில் எதிராளியின் பொய்யைப் பிடித்துவிட்டவனின் சிரிப்பு.

"என்கிட்டயே பூச்சி காட்டாதீங்க, மேடம். அதுல துளையே கிடையாது."

லைலின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டது.

"எதுல, லைல்?" என்று கேட்டார் ட்ரிம்பிள்.

கொதிக்கிற காபி அவர் முகத்தில் போய் விழுந்தது. ட்ரிம்பிள் அலறினார். லைலின் துப்பாக்கி வெளியே வந்தது. அதன் பிடியால் அவர் மூக்கில் ஓங்கி ஒன்று. எலும்பு நொறுங்கும் சத்தத்தை டூலி கேட்டான். ட்ரிம்பிள் மேசையோடு சேர்ந்து சரிந்தார். தோட்டாக்கள் தரையெல்லாம் உருண்டன. டூலி பாய்ந்தான். லைலின் பூட்ஸ் அவன் வயிற்றில் இறங்கியது. காலையில் தின்ற மூன்று சோள ரொட்டிகளும் ஒன்றுசேர்ந்து தொண்டைக்கு வந்தன.

ஐவாவின் இன்னொரு கை அவள் கோட்டுக்குள் போனது.

"எடுக்காதே, கிழவி!" லைல் பக்கவாட்டில் நகர்ந்து, துப்பாக்கியைக் கம்பிக்குள் நீட்டி, லொரெட்டாவின் நெற்றிக்கு நேராகப் பிடித்தான். "எடுத்தா இவ மூளை சுவத்துல. சாவியைக் கொடு. இவளையும் கூட்டிக்கிட்டுத்தான் போறேன். பாலத்துல அவனுங்க சுடுவானுங்க. கேஸ் முடிஞ்சுடும்."

"மாடு திருடின வண்டி உன்னோடதுதானா?" என்றாள் ஐவா. அவள் கை அசையவில்லை.

"ஹார்லன் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அவன் இழுப்பறைத் தோட்டாவை நான் மாத்தியிருக்கவே வேண்டாம். ரெண்டு தடவை சொன்னேன். கேக்கல."

"அதான் ரெண்டு குண்டு கொடுத்தியா?" என்றாள் லொரெட்டா.

லைல் திரும்பிப் பார்த்தான். அவன் செய்த தப்பு அதுதான். லொரெட்டாவின் விலங்கு பூட்டிய கைகள் ஒரே வீச்சில் மேலே எழுந்தன. துப்பாக்கியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே, அதன் மேல்மூடியை வலது கையால் கவ்விப் பிடித்தாள். துப்பாக்கி வெடித்தது. குண்டு இரும்புக் கட்டிலில் பட்டு விசிலடித்துக்கொண்டு கிளம்பி, டூலியின் இடது காது மடலில் ஒரு துண்டைக் கிள்ளிக்கொண்டு, காபிப் பானையில் போய் முடிந்தது.

லைல் மறுபடி விசையை இழுத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

அவன் குனிந்து பார்த்தான். ஆட்டோமேட்டிக்கின் மேல்மூடி ஒவ்வொரு முறை சுட்டதும் பின்னால் ஓடித் திரும்பி வந்தால்தான் அடுத்த தோட்டா ஏறும். அந்த மூடி லொரெட்டாவின் பிடியில் இருந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. பிடி விடவில்லை. வருஷக்கணக்காக நெம்புகோலை இழுத்த கை அது.

"ஹார்லனுக்கு ரெண்டு கிடைச்சுது, லைல்," என்றாள் அவள். "உனக்கு ஒண்ணுதான்."

பிறகு நெம்புகோலை இழுக்கிற மாதிரியே, அவன் கையைக் கம்பியின்மேல் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். முழங்கை போகக் கூடாத பக்கம் போனது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். லைலின் அலறல் தெருவில் நின்ற வண்டியின் உறுமலையும் மூழ்கடித்தது. ஐவா நிதானமாக வந்து, கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தவனின் பிடரியில் ரிவால்வர் முனையை வைத்தாள்.

"மிச்ச நாலு இதுல இருக்கு, லைல், நாலும் வெளிய வரும். பாய்ட் மடிச்சது."

ட்ரிம்பிள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூக்கு இருந்த இடத்தில் ஏதோ ஒன்று இருந்தது. யாரையும் பார்க்காமல் சாவிக்கொத்தை எடுத்து லாக்கப்பைத் திறந்தார். விலங்கையும் கழற்றினார். பிறகு பாலத்துக்குக் கிளம்பியவர், வாசலில் நின்றார்.

"நான் சொன்னா அவனுங்க நம்ப மாட்டானுங்க," என்றார்.

"நான் போறேன்," என்றாள் லொரெட்டா. கிழிந்த உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டாள். "ஹார்லனோட துப்பாக்கியைக் கொடுங்க. அந்த வளையத்தை நானே அவனுங்களுக்குக் காட்டறேன்."

அவள் தனியாக வாசல் படி இறங்கியதை டூலி பார்த்தான். ஷெரிஃப் ஓடிப் போய் அவளுக்காக வண்டிக் கதவைத் திறந்தார்.

டூலி கைக்குட்டையைக் காதில் அழுத்திக்கொண்டு ஐவாவிடம் கை நீட்டினான்.

"அந்த டம்மியை நானும் ஒரு தடவை பாத்துக்கறேன், பாஸ். அதுக்காக ஒரு காதைக் கொடுத்திருக்கேன்."

ஐவா மூடிய விரல்களைத் திறந்தாள். உள்ளங்கைச் சூட்டில் பாதி உருகிய ஒரு லவங்கப்பட்டை மிட்டாய் இருந்தது.

"துளை இருந்துதா இல்லையான்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள். "நான் எங்க பாத்தேன்? இந்தா, தின்னு."